நைசாக அரைத்தால் மட்டும் போதுமா?

சிமெண்ட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இரவுப் பணி பார்த்தவர்கள் எவருக்கும், சிமெண்ட் எவ்வளவு நைசாக அரைபட்டிருக்கிறது என்று பார்க்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் மறந்திருக்காது. இரு கைகளும் மேல்நோக்கி நிற்குமாறு வளைந்த குழாய். அதனுள் பாதியளவு எண்ணெய். ஒரு கையின் தலையில் விரல்தடிமனே உள்ள ஓர் உலோகக் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் துளையிட்ட தட்டு ஒன்றை இட்டு, அதன்மேல் வட்டமாக வெட்டிய வடிதாளை வைத்து, ஏறத்தாழ மூன்று கிராம் சிமெண்டை மில்லிகிராம் பிசகாமல் நிறுத்துப் போட்டு, மேலே இன்னொரு வடிதாளை வைத்து, உலக்கை போன்ற சிறு தண்டால் ஒரே சீராக அழுத்த வேண்டும். பிறகு ரப்பர்க் குமிழால் எண்ணெயை மேல்கோடுவரை இழுத்துத் திருகை மூடிவிட்டால், வெளிக்காற்று அந்தச் சிமெண்டுப் படுகையின் இண்டு இடுக்குகளில் நுழைந்து நுழைந்து கீழே வரும். அது வர வர எண்ணெய் இறங்கும். இரண்டு கோடுகளுக்கிடையே எண்ணெய் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் சோதனை.

அமெரிக்காவின் தேசியத் தர அலுவலகத்தில் பணியாற்றிய பிளெய்ன் என்பவர் 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இது. எண்பது ஆண்டுகள் கடந்தும் எங்கள் தொழிலில் அவருடைய பெயர் ஓர் எண்ணாகவே வாழ்கிறது. "பிளெய்ன் எவ்வளவு?" என்று கேட்டால் "340" என்று பதில் வரும். ஒரு கிலோ சிமெண்டிலுள்ள துகள்கள் அனைத்தின் மேற்பரப்பையும் கூட்டினால் 340 சதுர மீட்டர் என்பது அதன் பொருள். துகள் சிறிதாகச் சிறிதாக இடுக்குகள் குறுகும், காற்று திணறும், நேரம் நீளும். மேற்பரப்பு நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே உயரும் என்பதால், 320 காட்டிய சிமெண்ட் 60 நொடி எடுத்தால், 340 காட்டும் சிமெண்ட் ஏறத்தாழ 68 நொடி எடுக்கும்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த எண்ணோடு புழங்கியிருக்கிறேன். அது பயனுள்ள எண் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் துகளின் அளவு என்பதை ஒற்றை எண்ணுக்குள் அடக்கிவிட்டோம் என்று நம்பியதால் பட்ட பாடும் எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சொல்லவே இந்தப் பதிவு.

முதலில், துகளின் அளவு ஏன் பொருட்டாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கல்லுக்கு ஆறு சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு. அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள ஆயிரம் கனசதுரங்களாக நறுக்கினால் மேற்பரப்பு அறுபது சதுர சென்டிமீட்டர் ஆகிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் அளவுக்கு நறுக்கினால் அதே கல் ஆறு சதுர மீட்டர் பரப்பைக் காட்டும். ஒரு சிறிய சமையலறையின் தரையை மூடப் போதுமானது. கல்லின் எடை ஒரு குன்றிமணி அளவுகூடக் கூடவில்லை. பிளெய்ன் 320 உள்ள ஐம்பது கிலோ மூட்டை ஒன்றின் துகள்பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 16,000 சதுர மீட்டர் வரும். அதாவது ஏறக்குறைய நான்கு ஏக்கர். கொத்தனார் ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டித் தண்ணீர் ஊற்றும்போது, நான்கு ஏக்கர் நிலத்துக்கு நீர் பாய்ச்சுகிறார் என்று நான் புதிதாகச் சேரும் பயிற்சியாளர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வேடிக்கையாகச் சொன்னாலும் வேதியியல் அங்கேதான் நடக்கிறது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1,450 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டெடுத்த கிளிங்கர் என்னும் கருஞ்சாம்பல்நிற உருண்டை, தண்ணீரில் போட்டால் ஏறக்குறைய சும்மாவே கிடக்கும். அதைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு சேர்த்து அரைத்தால்தான் சிமெண்ட். தண்ணீர் துகளின் மேற்பரப்பில் வினைபுரிந்து உள்நோக்கி மெல்ல மெல்ல நகர்கிறது. வினையில் உண்டாகும் பசை போன்ற படலமே உள்ளே போகும் நீருக்குத் தடையாகவும் ஆகிவிடுகிறது. 28 நாள்களில் நீர் உட்புகும் ஆழம் ஏறத்தாழ நான்கு மைக்ரான், ஓராண்டில் எட்டு மைக்ரான் என்பது கான்கிரீட் பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு.

இந்த நான்கு மைக்ரானை வைத்துக்கொண்டு தாளில் போட்டுப் பார்த்தால் பல விஷயங்கள் தெளியும். எட்டு மைக்ரான் குறுக்களவுள்ள துகள் 28 நாள்களில் முழுவதும் வினைபுரிந்து முடிந்திருக்கும். பதினாறு மைக்ரான் துகளில் எட்டில் ஏழு பங்கு வினைபுரிந்திருக்கும். முப்பது மைக்ரானில் அறுபது சதவீதம். அறுபது மைக்ரானில் முப்பத்தைந்து சதவீதம். தொண்ணூறு மைக்ரானில் கால் பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் சுட்டு, அரைத்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கான்கிரீட்டுக்குள் புதைத்த விலையுயர்ந்த ஜல்லி. மனிதத் தலைமயிரின் தடிமன் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், நாம் எவ்வளவு சிறிய வேறுபாடுகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்கும்.

இனி, நான் பட்ட பாட்டுக்கு வருகிறேன்.

அப்போது நான் வேலை பார்த்தது கிளிங்கரை வெளியிலிருந்து வாங்கி அரைத்து மட்டும் தரும் ஒரு கிரைண்டிங் யூனிட். பெரும்பகுதி பிபிசி, அதாவது அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த போர்ட்லேண்ட் போசலானா சிமெண்ட். இந்தியத் தர நிர்ணயப்படி அதில் 15 முதல் 35 சதவீதம்வரை சாம்பல் கலக்கலாம். பிளெய்ன் 300க்குக் குறையக் கூடாது. நாங்கள் முப்பது சதவீதச் சாம்பலோடு 340ஐ இலக்காக வைத்திருந்தோம். கிளிங்கர், ஜிப்சம், சாம்பல் மூன்றையும் ஒன்றாகவே பால் மில்லுக்குள் விடுவோம். பாலுக்கும் இந்த மில்லுக்கும் தொடர்பில்லை. பந்து என்பதற்கான ஆங்கிலச் சொல் தமிழெழுத்தில் இப்படி வந்து விழுகிறது. படுக்கையாகக் கிடந்து சுழலும் பெரிய இரும்புப் பீப்பாய். அதனுள் எஃகு உருண்டைகள். உருண்டைகள் மேலேறி விழுவதில் நொறுங்குவதும், ஒன்றோடொன்று உரசுவதில் அரைபடுவதும்தான் வேலை. "பந்து ஆலை" என்று ஆலைக்குள் சொன்னால் ஒருவருக்கும் புரியாது.

மழைக்காலம் தொடங்கிய நேரத்தில் மூன்று நாள் வலிமை, அதாவது சிமெண்டைக் கனசதுரமாக வார்த்து மூன்றாம் நாள் நசுக்கிப் பார்க்கும்போது அது தாங்கும் அழுத்தம், சரியத் தொடங்கியது. ஒரு நாள் குறைந்தால் கனசதுர அச்சில் வார்த்தவர்மீது பழி போடலாம். இரண்டாம் நாளும் குறைந்தால் ஊறவைக்கும் தொட்டியின் வெப்பநிலையைப் பார்க்கலாம். ஒரு வாரம் தொடர்ந்து நான்கைந்து மெகாபாஸ்கல் குறைவாக வந்தபோது பழி போட ஆளில்லாமல் போயிற்று. பிளெய்ன் பதிவேட்டைப் புரட்டினால் 338, 342, 340, 345 என்று ஒழுக்கமான மாணவனின் மதிப்பெண் போல இருந்தது. மேலாளர் பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டு, நைஸ் சரியாக இருக்கிறது, ஆகவே கிளிங்கர்தான் மோசம் என்றார். கிளிங்கர் அனுப்பியவர்களோ தங்கள் ஆய்வறிக்கையைக் காட்டிக் கையை விரித்தார்கள். அவர்கள்மீது தவறில்லை என்பது பிறகு தெரிந்தது.

எனக்கு முதல் தடயம் தந்தது மில் ஓட்டுநர் ஒருவர் போகிற போக்கில் சொன்ன சொல். இந்த வாரம் மில் நன்றாக வாங்குகிறது, மணிக்கு இரண்டு டன் கூட்டிப் போட்டும் பிளெய்ன் இறங்கவில்லை என்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். அவரைக் குறைசொல்ல முடியாது. பிளெய்ன் 340 தாண்டினால் தீவனத்தை, அதாவது மில்லுக்குள் விடும் பொருளின் அளவை, கூட்டு, 330க்குக் கீழே போனால் குறை என்பதே அவருக்கு நாங்கள் கொடுத்திருந்த ஆணை. உருண்டைகளை மாற்றாமல், ஈரம் கூடியிருக்கும் மழைக்காலத்தில், மில் திடீரென்று எப்படி நன்றாக வாங்கும் என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் ஒரு மாதிரியை எடுத்து 45 மைக்ரான் சல்லடையில் காற்றுத் தாரையால் சலித்தேன். எங்களிடம் வழக்கமாகச் சலித்துப் பார்த்தது தர விதிமுறையில் உள்ள 90 மைக்ரான் சல்லடையில் மட்டுமே; அதில் எச்சம் எப்போதும் போலச் சொற்பமாகவே இருந்தது. 45இல் நின்றது முன்பு பார்த்ததைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். அந்த எச்சத்தை வெள்ளைத் தாளில் கொட்டி உருப்பெருக்கியில் பார்த்தபோது, உருண்டையான சாம்பல் மணிகள் மிகக் குறைவாகவும், கண்ணாடி உடைந்தது போன்ற கூரிய விளிம்புள்ள கருஞ்சில்லுகள் மிகுதியாகவும் தெரிந்தன. எச்சத்தில் ஒரு பகுதியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டேன். கிளிங்கர் அமிலத்தில் கரையும்; அனல் நிலையச் சாம்பலின் பெரும்பகுதி கரையாமல் அடியில் தங்கும். அடியில் தங்கியது மிகவும் கொஞ்சம். அதாவது, சிமெண்டின் உயிரான கிளிங்கர்தான் அரைபடாமல் பருமனாக வெளியே வந்துகொண்டிருந்தது. பிளெய்ன் எண்ணை வேறு யாரோ தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேறு யாரோ, சாம்பல். அனல் மின் நிலையத்தின் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் மின்வடிகட்டி அடுத்தடுத்த அறைகளாக இருக்கும். முதல் அறையில் பருமனான சாம்பல் விழும், பின்னறைகளில் வரவர நுண்மையான சாம்பல் விழும். எங்களுக்குச் சாம்பல் ஏற்றும் இடத்தில் அந்த வாரம் பின்னறைச் சாம்பலை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். முன்பு வந்த சாம்பலின் பிளெய்ன் 350 அளவில். இப்போது வந்தது 420. சாம்பல் நல்ல சாம்பல்தான், சொல்லப்போனால் முன்பைவிட மேலானது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மொத்தத்தில் முப்பது சதவீதம் உள்ள ஒன்றின் பரப்பு எழுபது கூடினால், கலவையின் பரப்பு மில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமலேயே இருபத்தொன்று கூடிவிடும். மில் ஓட்டுநர் அந்த இருபத்தொன்றை "மில் நன்றாக வாங்குகிறது" என்று படித்துத் தீவனத்தைக் கூட்டி, எண்ணைப் பழையபடி 340க்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த இறக்கம் முழுவதும் மீதி எழுபது சதவீதமான கிளிங்கரின் தலையில் விழுந்தது. அதன் பங்கில் கணக்கிட்டால் முப்பது சதுர மீட்டர் இழப்பு. பதிவேட்டில் ஒரு கோடுகூடப் பிறழவில்லை.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சாம்பலின் அடர்த்தி கிளிங்கரின் அடர்த்தியைவிட மிகக் குறைவு. ஒரே பருமனுள்ள துகள்களாகவே இருந்தாலும், இலேசான பொருளில் ஒரு கிலோவுக்கு அதிகத் துகள்கள் அடங்கும், ஆகவே அதன் பரப்பு எண்ணும் உயர்வாகவே வரும். பிபிசியின் 340ஐயும் சாதாரண சிமெண்டின் 300ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னது அதிக நைஸ் என்று விற்பனைப் பிரிவினர் பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

கடினமான பொருளையும் மென்மையான பொருளையும் ஒரே மில்லில் சேர்த்து அரைத்தால், மென்மையானது மாவாகும், கடினமானது அதன் நடுவே மெத்தையில் படுத்தது போலத் தப்பித்துக்கொள்ளும். ஜிப்சமும் சாம்பலும் மாவாகின்றன, கிளிங்கர் தப்பிக்கிறது. இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகப் போட்டு ஆட்டும் வீடு அரிது என்பதற்கும் இதுவே ஒரு காரணம். உளுந்து வெண்ணெய் போல் பொங்கி வர வேண்டும், அரிசி கையில் ரவை பதத்தில் நெருட வேண்டும். இரண்டுக்கும் இரண்டு நேரம், இரண்டு அளவு தண்ணீர். எங்கள் ஊர் மாவு மில்லில் இடியாப்பத்துக்கு ஒரு நைஸ், புட்டுக்குச் சற்றுக் கொரகொரப்பு, கஞ்சிக்கு நொய் என்று பெண்கள் சொல்லி வாங்கியதில் எண் எதுவும் இருந்ததில்லை, பதம் இருந்தது. குருணை, நொய், ரவை, மாவு, பொடி, தூள் என்று தமிழில் துகளின் அளவுக்கு இத்தனை சொற்கள் இருக்க, நாங்கள் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் ஒரு "நைஸ்" என்ற சொல்லுக்குள் அடைத்துக்கொண்டிருந்தோம்.

பிளெய்ன் எண் எதை மறைக்கிறது என்பதை இப்படிப் பார்க்கலாம். 320 சதுர மீட்டர் என்ற பரப்பை ஒரே அளவுள்ள உருண்டைகளாகக் கற்பனை செய்து குறுக்களவைக் கணக்கிட்டால் ஆறு மைக்ரான் வரும். ஆனால் அதே சிமெண்டை லேசர் ஒளிச்சிதறல் கருவியில் இட்டால், எடையில் பாதி பதினைந்து மைக்ரானையும் தாண்டிய துகள்களாக இருப்பது வியப்பன்று. இரண்டும் பொய்யில்லை. பரப்பைத் தருவது பெரும்பாலும் மிகச் சிறிய துகள்கள். எடையைத் தருவது பெரிய துகள்கள். ஒரு கைப்பிடி மிக நுண்ணிய தூசியைச் சேர்த்தால் பிளெய்ன் துள்ளி எழும்; சிமெண்டின் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும். நிலக்கரித் தூளை அளப்பதற்காக 1933இல் ரோசின், ராம்லர் என்னும் ஜெர்மானியர்கள் தந்த பரவல் சூத்திரத்தைச் சிமெண்ட்காரர்கள் எடுத்துக்கொண்டதும் இதனால்தான். அது இரண்டு எண்களைக் கேட்கும்: துகள்கள் எந்த அளவைச் சுற்றி இருக்கின்றன என்பது ஒன்று, எவ்வளவு அகலமாகப் பரவியிருக்கின்றன என்பது மற்றொன்று.

மூன்று மைக்ரானுக்குக் கீழுள்ள துகள்கள் முதல் நாளிலேயே வினை முடிந்துவிடுகின்றன; அவை தொடக்க வலிமையைத் தரும். மூன்றுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டவை 28 நாள் வலிமையைச் சுமப்பவை. அறுபதுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் நிரப்பிகள். அப்படியானால் நடுத்தரத் துகளை மட்டும் பிரித்தெடுத்து மூட்டை கட்டினால் மிகச் சிறந்த சிமெண்ட் கிடைத்துவிடாதா? இந்தக் கேள்வியைக் கேட்காத இளம் பொறியாளரே இல்லை. நானும் கேட்டேன். அரைபட்டதில் பருமனானதைப் பிரித்து மில்லுக்கே திருப்பி அனுப்பும் நவீன செப்பரேட்டர்களும் செங்குத்து உருளை மில்களும் ஓரளவுக்கு அதைச் செய்தும் காட்டிவிட்டன. அதற்குப் பதில் கட்டடம் கட்டும் இடத்திலிருந்து வந்தது.

"சார், இந்த லோடு தண்ணியக் குடிக்குது" என்று மேஸ்திரி ஒருவர் தொலைபேசியில் சொன்னார். ஆலையில் பார்த்தால் 28 நாள் வலிமை முன்பைவிட உயர்வு. பிளெய்ன் அதே எண். ஆனால் கூடையில் ஒரே அளவு நெல்லிக்காய்களைக் கொட்டினால், எவ்வளவு குலுக்கினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம் நிற்கும் அல்லவா? அந்த இடுக்குகளில் மிளகைப் போட்டு, மிளகின் இடுக்குகளில் கடுகைப் போட்டால்தான் கூடை நிறையும். சிமெண்டிலும் துகள்கள் ஒரே அளவை நெருங்க நெருங்க இடுக்குகள் கூடும். இடுக்குகளைத் தண்ணீர் நிரப்பிய பிறகுதான், மிச்சத் தண்ணீர் துகள்களை வழுக்கிவிட்டுக் கலவையை இளக்கும். கொத்தனார் தன் கரண்டிக்குப் பழகிய இளக்கம் வரும்வரை தண்ணீர் விடுவார். கூடுதலாக விட்ட ஒவ்வொரு குவளையும் இறுகிய பின் துளையாக நிற்கும். ஆய்வகத்தில் கிடைத்த கூடுதல் வலிமை தளத்தில் கரைந்துபோகும். அவர் சொன்னதை நான் புகார் என்று பதிவு செய்யவில்லை. அது ஓர் அளவீடு. செப்பரேட்டரின் வேகத்தையும் காற்றோட்டத்தையும் மாற்றிப் பரவலைச் சற்று அகலப்படுத்திய பிறகு அவர் மறுபடி அழைக்கவில்லை. மேஸ்திரிகளைப் பொறுத்தவரை அதுவே நற்சான்று.

மிகைநுண்மைக்கு வேறு கேடுகளும் உண்டு. நுண்ணிய சிமெண்ட் வேகமாக வினைபுரிவதால் வெப்பமும் வேகமாக வெளிப்படும்; அணை போன்ற பருத்த கான்கிரீட்டில் உள்வெப்பத்துக்கும் வெளிக்குளிர்ச்சிக்கும் இடையிலான வேறுபாடு விரிசலாகத் தெரியும். கிளிங்கரில் தண்ணீர் பட்டதும் விரைந்து வினைபுரியும் அலுமினேட் என்னும் சேர்மம் அதிகமாக வெளிப்படுவதால் அதை அடக்க ஜிப்சமும் கூடுதலாக வேண்டியிருக்கும். நீண்ட நேரம் அரைக்கும்போது மில்லுக்குள் வெப்பம் 115, 120 டிகிரியை எட்டினால் ஜிப்சம் தன்னுள் இருக்கும் நீரில் ஒரு பகுதியை இழந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போல ஆகிவிடும். அந்தச் சிமெண்ட் கலந்த சில நிமிடங்களில் இறுகியது போல் போக்குக் காட்டும். தண்ணீர் சேர்க்காமல் மறுபடி நன்றாகக் கிளறினால் இளகிவிடும் என்பது தெரியாதவர்கள் உடனே தண்ணீரைத் தூக்குவார்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சவும் நுண்ணிய சிமெண்டுக்கே வேகம் அதிகம் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் கிடங்கில் சுவரோரம் அடுக்கிய மூட்டைகளில் கட்டி தட்டுவது முதலில் அதில்தான்.

பழைய கட்டடங்களை இடிக்கும்போது கிடைக்கும் கான்கிரீட் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், அக்காலத்தில் பருமனாக அரைத்த கிளிங்கர் மணிகள் பல பதிற்றாண்டுகள் கழித்தும் நடுவில் வினைபுரியாமல் கிடப்பதைக் காணலாம். முன்னே நான் விலையுயர்ந்த ஜல்லி என்று இகழ்ந்தது இதைத்தான். ஆனால் அந்தக் கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் விழுந்து மழைநீர் இறங்கினால், தூங்கிக்கொண்டிருந்த அந்த மணிகள் விழித்து வினைபுரிந்து விரிசலை ஓரளவு தாமே அடைக்க உதவும். இன்றைய சிமெண்ட் மூன்று நாளிலும் ஏழு நாளிலும் வலிமையைக் காட்டி அச்சுப்பலகையைச் சீக்கிரம் பிரிக்க விடுகிறது. அதற்காகவே கட்டுநர்கள் நைஸ் கேட்கிறார்கள், நாங்களும் அரைக்கிறோம். பிற்காலத்துக்கென்று அதனிடம் சேமிப்பு குறைவு. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் எனக்குக் கருத்து உண்டு: குடியிருப்பு வீடு கட்டுபவருக்கு மூன்று நாள் வலிமை எதற்கு என்று நான் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்கள், கண்ணாடி போன்ற அந்த வழுவழுப்பை நினைவுகூரலாம். அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் அரைத்த பெருங்கலவை. மேலே போகப் போக நுண்மையாக அரைத்த கலவை. இறுதிப் பூச்சுக்கு அம்மியில் வெண்ணெய் போல் அரைத்தெடுத்த சாந்து. எல்லா அடுக்குக்கும் அம்மிச் சாந்தையே பூசியிருந்தால் செலவு தாங்காது என்பது ஒருபுறம். காயும்போது சுருங்கிச் சுவரெங்கும் பாளம் பாளமாக வெடித்திருக்கும் என்பது மறுபுறம்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1867இல் ரிட்டிங்கர், அரைக்கும் ஆற்றல் புதிதாக உண்டாகும் பரப்புக்கு ஏற்ப இருக்கும் என்றார். 1885இல் கிக், கொள்ளளவுக்கு ஏற்ப என்றார். 1952இல் பாண்ட், இரண்டுக்கும் நடுவே, அளவின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக இருக்கும் என்று ஒரு நடைமுறை விதியைத் தந்தார். ஆலைகள் இன்றும் பாண்டின் கணக்கையே முதலில் போடுகின்றன. அவருடைய சூத்திரத்தில், அரைபடுவதற்குக் காட்டும் எதிர்ப்பைக் குறிக்கும் எண்ணைக் கிளிங்கருக்குச் சுமார் 13.5 என்று எடுத்துக்கொண்டு, பத்து மில்லிமீட்டர் கிளிங்கரை எண்பது சதவீதம் 45 மைக்ரானுக்குள் வரும்படி அரைக்க டன்னுக்கு ஏறத்தாழ 19 யூனிட் மின்சாரம்; 30 மைக்ரானுக்குள் வர 23 யூனிட்டுக்கு மேல். பத்து மில்லிமீட்டரிலிருந்து 45 மைக்ரானுக்கு வந்த நெடும்பயணத்தின் செலவில் ஏறக்குறைய கால் பங்கை, கடைசிப் பதினைந்து மைக்ரான் மட்டும் மேற்கொண்டு கேட்கிறது.

அதுவும் தாளில் உள்ள கணக்கு. பால் மில்லுக்குள் போகும் மின்சாரத்தில் உண்மையில் புதிய பரப்பை உண்டாக்குவது மிகச் சிறு பங்கே. மற்றது வெப்பமாகவும் காதைச் செவிடாக்கும் ஓசையாகவும் போகிறது. அந்த ஓசையையும் வீணாக்காமல், மில் காலியாக ஓடினால் கணீரென்றும் நிறைந்தால் அடங்கியும் ஒலிப்பதைக் கேட்டே தீவனத்தைத் திருத்தும் பழைய ஓட்டுநர்கள் இருந்தார்கள். மேலும், துகள் மிகச் சிறிதானால் அது பிறவற்றோடு ஒட்டத் தொடங்கும். அதன் எடை அதை இழுப்பதைவிடப் பரப்பிலுள்ள ஈர்ப்பு அதைப் பிடித்துவைப்பது வலுவாகிவிடும். அரைபட்ட தூள் எஃகு உருண்டைகளின்மேல் தோல் போலப் படிந்து மெத்தையாகும்; அதன்பின் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மின்கட்டணம்தான் நைசாகும். ட்ரைஎத்தனாலமின் போன்ற அரைப்புத் துணைப்பொருளைச் சில நூறு கிராம் அளவில் ஒரு டன்னுக்குச் சொட்டுச் சொட்டாக விடுவது இந்த ஒட்டலைத் தடுக்கவே.

எங்கள் மழைக்காலச் சிக்கலுக்குத் தீர்வு எளிதாகவே இருந்தது. சாம்பல் லாரி ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து அதன் பிளெய்னைத் தனியே பார்ப்பது. நுண்மையான சாம்பலை மில்லின் தலைவாயிலில் கொட்டாமல் நேரே செப்பரேட்டருக்கு அனுப்புவது, ஏற்கெனவே போதிய நைஸாக உள்ளதை மறுபடி அரைத்து என்ன பயன். மில் ஓட்டுநருக்குப் பிளெய்னோடு 45 மைக்ரான் எச்சத்தையும் இலக்காகத் தருவது. தீவனத்தை இரண்டு டன் குறைத்ததில் உற்பத்திப் பிரிவு ஒரு வாரம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் வாரம் மூன்று நாள் வலிமை பழைய இடத்துக்குத் திரும்பியது.

அச்சடித்த பதிவேட்டில் 45 மைக்ரான் எச்சத்துக்கு இடமில்லாததால், பிளெய்ன் பத்திக்கும் குறிப்பு பத்திக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்து அதில் எழுதிவந்தோம். அடுத்த ஆண்டு புதிய பதிவேடு அச்சாகி வந்தபோது, அந்தப் பென்சில் கோட்டையும் சேர்த்தே அச்சகத்துக்காரர் அடித்திருந்தார், சற்றுக் கோணலாக.